ஒரு சொல்லின் குலம்

பௌர்ணமி கழிந்த விடியற்காலை. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றிய களைப்போடு நானும் நண்பரும் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். துடைப்பமும் வாளியுமாகச் சற்றுத் தள்ளி நின்ற பெரியவரிடம், "கக்கூஸ் எந்தப் பக்கம் ஐயா?" என்று கேட்டேன். அவர் கை காட்டினார். நண்பரோ முகம் சுளித்தார்.

"என்ன ஸார், கழிப்பறை என்று சொல்லக் கூடாதா? காது கூசுகிறதே!"

எனக்கு அந்தச் சொல்லின் மேல் இரக்கம் வந்துவிட்டது. அது டச்சு மொழியின் கூட்டுச் சொல். 'கக்' என்றால் மலம். 'ஹொய்ஸ்' என்றால் வீடு. முதற்பாதிக்கு லத்தீன் வரை உறவு சொல்லுகிறார்கள். பிற்பாதி ஆங்கில 'ஹவு'ஸுக்குச் சகோதரன். நாகப்பட்டினத்தில் 1658 முதல் 1781 வரையிலும், இலங்கைக் கரையோரத்தில் 1796 வரையிலும் டச்சுக்காரர்கள் ஆண்டார்கள். அவர்கள் போன பிறகும் நம்முடைய துட்டும், யாழ்ப்பாணத்தாரின் கந்தோரும், இந்தக் கக்கூஸும் தங்கிவிட்டன. 'கக்கா' என்று மழலை பேசும் நம் குழந்தைக்கு இதில் பாதி தானாகவே தெரியும்!

இதையெல்லாம் நண்பரிடம் சொல்லி, "இதில் அசிங்கம் எங்கே இருக்கிறது?" என்றேன்.

யோசித்துப் பாருங்கள். கக்கூஸ் கூசிற்று என்று லெட்ரின் என்றோம். அதுவும் கூசவே பாத்ரூம், டாய்லெட், கழிப்பறை என்று மாற்றிக்கொண்டே வந்தோம். எந்தப் பெயரும் நாலு நாளில் நாறிவிடுகிறது. ஆனால் கழுவுகிற வேலை மட்டும் தகப்பனுக்குப் பின் மகன் என்று பெரும்பாலும் அதே தெருவைத்தான் தேடிப் போகிறது. மனிதன் கையால் மலம் அள்ளுவதை 1993-லும் 2013-லும் சட்டம் போட்டுத் தடுத்தோம். அதற்குப் பிறகும் சாக்கடைக் குழிக்குள் இறங்கி மூச்சுத் திணறிச் செத்திருக்கிறார்கள்.

'அண்ணா' மலை என்றால் அண்ட முடியாத மலை என்று பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். பிரம்மாவும் திருமாலும் அடிமுடி காண முடியாத ஜோதி அல்லவா? அந்த மலையையே சுற்றி வந்து அண்டப் பார்க்கிற நமக்கு, பத்தடி தள்ளி நிற்கிற மனிதனை அண்ட முடியவில்லை.

டீ வந்தது. எங்களுக்குக் கண்ணாடி டம்ளர். பெரியவருக்குக் காகிதக் குவளை. நான் நகர்ந்து இடம் விட்டு, "உட்காருங்கள்" என்றேன்.

"இருக்கட்டும் சாமி" என்று சொல்லி, நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

சொல்லின் குலம் கோத்திரமெல்லாம் விசாரித்த நான், அவருடைய பெயரைக் கேட்கவில்லை.