தனக்கென்று கேட்டவர்

பரோபகாரம் என்பது தன் பயனைக் கருதாமல் பிறருக்கு வழங்குவதே என்று இளமை முதல் கேட்டு வளர்ந்தவன் நான்; ஆயினும் பாஸ்டன் நகரில் வாழ்ந்த எலிஸ் ஹால் அம்மையாரின் சரித்திரத்தை அறிந்த நாள்தொட்டு, தன் சொந்தத் தேவையின் பொருட்டு ஒருவர் செய்யும் காரியம், அத்தேவை மெய்யானதாக இருக்குமாயின், தியாகத்தினும் தாழ்ந்ததுதானா என்னும் வினா என் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

அமெரிக்கக் குடும்பமொன்றில், பாரிஸ் நகரில், 1853-ல் பிறந்த அவர், ரிச்சர்ட் ஹால் என்னும் அறுவைச் சிகிச்சை வைத்தியரை மணந்தார். கணவர் 1897-ல் காலமானார். நோயினால் செவிப்புலன் குன்றியபோது, காற்று வாத்தியம் பயில்வது காதுக்கு நன்மை செய்யும் என்ற யோசனையின்பேரில் அவர் நடுவயதில் சாக்ஸபோனைக் கையிலெடுத்தார் என்பர். குலமகளிர்க்குப் பியானோவே உகந்தது என்று கருதிய சமூகத்தில், கன்னம் உப்ப ஊதும் ஒரு பித்தளைக் கருவியுடன் ஒரு சீமாட்டி மேடையேறுவதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டியிருக்கும்!

அந்த வாத்தியத்தின் நிலையும் பரிதாபமானதே. அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் உரிமை பெற்ற அக்கருவி ராணுவ வாத்தியக் குழுக்களில் இடம்பெற்றதேயன்றிச் சங்கீத சபைகளில் வேரூன்றவில்லை. பாரிஸ் இசைக் கல்லூரியில் அதற்கென இருந்த வகுப்பு 1870-ல் மூடப்பட்டு, 1942 வரை திறக்கப்படவேயில்லை. ஆகவே, வாத்தியத்தைக் கற்றுக்கொண்ட அம்மையாருக்கு வாசிப்பதற்கு உயர்ந்த கிருதிகள் அநேகமாக இல்லை. இல்லாததற்காக வருந்தி அமர்ந்துவிடாமல், அவற்றை எழுதித் தருமாறு அவர் கேட்டார். பாஸ்டன் சிம்பொனியின் ஓபோ வித்வான் ஜார்ஜ் லோன்ஜியைக் குருவாகக் கொண்டு, 1899-ல் ஆர்கெஸ்ட்ரல் கிளப் என்ற சங்கத்தை நிறுவி, அவரையே அதன் வாத்திய கோஷ்டிக்குத் தலைவராக்கி, லோஃப்லர், வென்சான் தாந்தி, ஆந்த்ரே கப்ளே முதலிய இசையமைப்பாளர் பலரிடம் பொருள் கொடுத்துப் புதுக் கிருதிகளை எழுதச் செய்தார்.

அவர்களுள் தெபுஸி ஒருவரே அவரை வருத்தியவர். நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பணத்தைப் பெற்றுச் செலவழித்தும்விட்ட அம்மேதை, ஆண்டுக்கணக்கில் ஒன்றும் எழுதாமல், பொறுமையோடு காத்திருந்த அம்மையாரை நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் நகையாடினார். தாந்தியின் கிருதியை 1904-ல் பாரிஸ் மேடையில் அம்மையார் வாசித்தபோது, இளஞ்சிவப்பு உடையணிந்த பெண்மணியொருத்தி அவ்வளவு கோணலான கருவியை ஊதும் காட்சி தெபுஸிக்குப் பரிகாசமாகவே பட்டது. பெருங்கலைஞரின் இந்தச் சிறுமையை என்னால் மன்னிக்க இயலவில்லை. அம்மையாருக்கென அவர் முடிவில் எழுதிய 'ராப்சடி' என்னும் கிருதியில் சாக்ஸபோனுக்கு அளித்த பங்கு சொற்பமே; வாத்தியக் கோவையை நிறைவாக அமைத்தவரும் அவரல்லர், ரோஜே-துகாஸ் என்பவரே. அது முதன்முதல் 1919-ல் பாரிஸில் அரங்கேறியபோது வாசித்தவரும் வேறொருவர்.

இப்படியிருக்க, ரசிகர்கள் அம்மையாரைக் கலைஞரென்று சொல்லத் தயங்கி, செல்வத்தால் கலையை வளர்த்த புரவலரென்று மட்டும் கூறி அமைவதுண்டு. எனக்கு இந்தப் பாகுபாடு பொருந்துவதாகத் தோன்றவில்லை. செல்வர் பலர் தம் பெயர் நிலைக்க வேண்டிப் பொருள் ஈந்தனர். இவரோ மறுநாட்காலை தம் உதட்டில் வைத்து ஊதுவதற்கு ஒரு கிருதி வேண்டுமென்று ஈந்தார். பசியுள்ளவன் மூட்டும் அடுப்பில் பிறகு வருவோரும் சமைத்துக்கொள்வதுபோல, அவருடைய வேட்கை பின்வந்த தலைமுறைகளின் சொத்தாயிற்று. தன் வேண்டுதலைத் தெளிவாக உணர்ந்து, வெட்கமின்றிக் கேட்டு, ஏளனத்தைப் பொறுத்து, மீண்டும் கேட்பதையும் சிருஷ்டியின் ஒரு பகுதி என்றே நான் கொள்கிறேன்.

ஏனெனில், தெபுஸியிடம் பட்ட அனுபவத்தால் அவர் கேட்பதை நிறுத்திவிடவில்லை. நாளடைவில் கேள்விப்புலன் மேலும் மங்கியது. தெபுஸி 1918-ல் காலமானார். அவ்வாண்டிலேயே ஃப்ளோரான் ஷ்மித், அம்மையாரின் வேண்டுகோளின்படி, சாக்ஸபோனுக்கென்று 'லெஜாந்த்' என்னும் கிருதியை எழுதினார். 1924-ல் அம்மையார் மறைந்தார். சாக்ஸபோன் பயிலும் மாணவர்கள் அந்தக் கிருதியை இன்றும் பாடமாக வாசிக்கிறார்கள்.