பொறுத்திருப்பது சும்மா இருப்பதல்ல



ஆண்டுதோறும் மாசி 19-ஆம் நாள் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு ஊர்வலமும், திருச்செந்தூரிலிருந்து ஒரு ஊர்வலமும் புறப்பட்டு நாகர்கோவில் வந்து சேர்கின்றன. மறுநாள் மாசி 20 அன்று காவிக்கொடி பிடித்து, தலைப்பாகை கட்டி, எல்லோரும் ஒன்றாகச் சாமிதோப்புப் பதிக்கு நடக்கிறார்கள். திருச்செந்தூர் ஊர்வலம் அய்யா கடலிலிருந்து அவதரித்து வந்த கொல்லம் 1008-ஆம் ஆண்டை (1833) நினைவூட்டுகிறது. திருவனந்தபுரம் ஊர்வலமோ அய்யா சிறை மீண்டு வந்த நாளை நினைவூட்டுகிறது. அரசனுடைய ஆட்கள் அய்யாவைக் கட்டி இழுத்துக்கொண்டு போனதும் அந்தத் திருவனந்தபுரத்துக்குத்தான். இன்று அங்கிருந்து பிள்ளைகளும் பெண்களும் மாலை போட்டுக்கொண்டு மகிழ்ச்சியாக வருகிறார்கள். இந்த மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. அது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், இன்று பலர் மனதில் இருக்கிற சோர்வுக்கும் மருந்து கிடைக்கும்.

இன்றைய சோர்வு என்ன? ஊர்க்குளம் தூர்ந்து கிடக்கிறது, யாரிடம் சொல்ல? மனு கொடுத்தோம், பதில் இல்லை. ஓட்டுப் போட்டோம், யார் வந்தாலும் அப்படித்தான். கேட்கப் போனால் பகை வரும், கேஸ் வரும். அதனால் நம் வேலையைப் பார்ப்போம், மற்றதை அய்யா பார்த்துக்கொள்வார் என்று சொல்லி வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அய்யா பொறுத்திருக்கச் சொன்னாரே என்று அதற்கு ஒரு காரணமும் சொல்கிறார்கள்.

அய்யா பொறுத்திருக்கச் சொன்னது உண்மை. ஆனால் பொறுத்திருந்த அந்த மக்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் நம் முன்னோர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆளுக்குத் தலைவரி. பனையேறும் ஏணிக்கு ஏணிக்காணம், காலில் போடும் தளைக்குத் தளைக்காணம். இதற்கு மேல் கூலியில்லாத ஊழியம். யானைக்கு ஓலை சுமக்க வேண்டும், கூப்பிட்ட இடத்துக்குச் சுமை தூக்க வேண்டும். குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, மார்பை மறைத்துத் தோள்சீலை போடக் கூடாது. மேல்சாதிக்காரர் வரும்போது இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும். நாடார் மட்டுமல்ல, பதினெட்டுச் சாதி என்று அகிலம் சொல்லும் எளிய மக்களில் பலருக்கும் ஏதோ ஒரு வகையில் இந்த நிலைதான். கேட்க நாதியில்லை. நீதி கேட்டுப் போனால் அந்த நீதியும் அவர்கள் கையில்தான் இருந்தது.

அப்படிப்பட்ட மக்களிடம் வாளை எடுங்கள் என்று அய்யா சொல்லவில்லை. பூவண்டன்தோப்பில் ஆறு ஆண்டு தவம் இருந்தார். தன்னைத் தேடி வந்தவர்களை ஒன்றாக உட்கார வைத்தார். ஒரே கிணற்றில் எல்லாச் சாதியாரும் குளிக்கவும் குடிக்கவும் செய்தார். அதுதான் முத்திரிக்கிணறு. சாதிக்கு ஒரு கிணறு இருந்த காலத்தில், ஒரே வாளித் தண்ணீரை எல்லோரும் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். மேல்சாதிக்காரர் முன்னால் தலையில் கிடந்த துணியை அவிழ்க்க வேண்டும் என்றிருந்தவனைத் தலைப்பாகையோடு வந்து வணங்கச் சொன்னார். இன்றைக்கு நமக்கு இது வழக்கம். அன்றைக்கு ஒவ்வொரு தலைப்பாகையும் அரசாங்கத்துக்கு ஒரு பதில். அடிக்காமல், திட்டாமல், தலையைக் குனியாமல் சொன்ன பதில்.

இதைப் பார்த்துத்தான் அரசனுக்குக் கோபம் வந்தது. அய்யாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மக்கள் கொதித்தார்கள். எதிர்த்து நிற்கத் துணிந்தவர்களையும் அய்யா தடுத்துப் பொறுக்கச் சொன்னார். அன்று கை ஓங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? படை வந்திருக்கும், குடிசைகள் எரிந்திருக்கும், கூடிய மக்கள் சிதறியிருப்பார்கள். அடக்குகிறவனுக்கு அதுதான் வேண்டியது. அவனுக்குத் தெரிந்த வேலை அடிப்பதுதான். அடி வாங்கியவன் திருப்பி அடித்துவிட்டால், முதலில் அடித்தது யார் என்பது மறந்துபோகும். அந்த வசதியை அய்யா அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

அரசவையிலும் ஒரு குரல் எழுந்தது என்று அகிலம் சொல்கிறது. ஆயர் குலத்துப் பூவண்டர் அரசனிடம் உள்ளதை எடுத்துச் சொன்னார். அரசன் கேட்கவில்லை. ஆனால் எதிர்ப்பக்கம் என்று நாம் நினைக்கிற இடத்திலும் மனச்சாட்சி உள்ளவர்கள் இருப்பார்கள் என்பதற்கு அவர் சாட்சி. எல்லோரையும் பகைத்துக்கொண்டால் பூவண்டர்கள் பேச முடியாமல் போய்விடும்.

சிங்காரத்தோப்புச் சிறையில் அய்யா பட்ட சோதனைகளை அகிலம் படிக்கிற எல்லோரும் அறிவார்கள். கொல்லம் 1014 மாசியில் (1839) அய்யா விடுதலையாகி வந்தார். வந்தவுடன் வெற்றி விழா நடத்திவிட்டு மக்களை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. எழுநூறு குடும்பங்களைத் துவையல் தவசுக்கு அனுப்பினார். முதலில் வாகைப்பதி, பிறகு முட்டப்பதி. கடற்கரையில் தங்கி, நாளுக்கு மூன்று தடவை நீராடி, உடுத்த துணியைத் துவைத்து, அரிசியும் சிறுபயறும் சேர்த்துப் பொங்கி, ஒரு நேரம் மட்டும் சேர்ந்து உண்டு, சேர்ந்து படித்தார்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இது துணி துவைப்பதாகத்தான் தெரியும். உள்ளே நடந்தது வேறு. எழுநூறு குடும்பம் ஓரிடத்தில் தங்கினால் யார் அரிசி கொண்டுவருவது, யார் விறகு வெட்டுவது, நோயாளியை யார் பார்ப்பது, சண்டை வந்தால் யார் தீர்ப்பது என்று எல்லாம் தாங்களே செய்தாக வேண்டும். மேலே ஒரு அதிகாரி இல்லாமல் தங்களைத் தாங்களே நடத்திக்கொள்ள அந்த மக்கள் அங்கே பழகினார்கள். பயந்து பயந்து தனித்தனியாகக் கிடந்தவர்கள், ஒருவரை ஒருவர் நம்பலாம் என்று தெரிந்துகொண்டார்கள். அவர்கள் ஊர் திரும்பியபோது பழைய ஆட்களாகத் திரும்பவில்லை. பிறகு ஊருக்கு ஊர் நிழல்தாங்கல்கள் எழுந்தன. தாங்கல் கும்பிடும் இடமாக மட்டும் இருக்கவில்லை. பிள்ளைகள் எழுத்துப் படிக்கவும், பசித்தவர் உண்ணவும், ஊரார் கூடிப் பேசவும் இடமானது.

இங்கே ஒன்றை மனதில் நன்றாகப் பதிக்க வேண்டும். அய்யா வைகுண்டம் சென்றது கொல்லம் 1026 வைகாசி 21 (1851). தோள்சீலை போட அனுமதித்துத் திருவிதாங்கூர் அரசு ஆணை வெளியிட்டது 1859 ஜூலை 26. இடையில் எட்டு ஆண்டுகள். அதுவும் முழு உரிமை அல்ல, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. அதற்கு முன் 1829-இல் இதே அரசு தோள்சீலையைத் தடுத்து ஆணை போட்டிருந்தது. அடிமை முறையை ஒழிக்கும் ஆணை வந்தது 1855-இல். கோயில் கதவு எல்லோருக்கும் திறந்தது 1936 நவம்பர் 12-இல். அய்யா அவதரித்து நூறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகு.

இவையெல்லாம் ஒருவரால் வந்தவை என்றும் சொல்ல முடியாது. சந்தையில் சீலை கிழிக்கப்பட்டும் மறுநாள் மீண்டும் சீலை உடுத்தி வந்த பெண்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். பள்ளிக்கூடம் வைத்து எழுத்துக் கொடுத்த மிஷன்காரர்கள் இருந்தார்கள். சென்னை அரசாங்கத்துக்கு எழுதிய மனுக்கள் இருந்தன. அங்கிருந்து வந்த நெருக்கடியும் இருந்தது. அய்யாவின் மக்கள் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நின்றதும் இருந்தது. பல ஓடைகள் சேர்ந்துதான் ஆறு. எந்த ஓடையும் நான் ஒருவன் போய் என்ன ஆகப்போகிறது என்று நின்றுவிடவில்லை.

1840-இல் முட்டப்பதிக் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு தாய், 1859-ஐப் பார்த்திருக்கலாம், பார்க்காமலும் போயிருக்கலாம். 1936-ஐ நிச்சயம் பார்த்திருக்க மாட்டாள். அவள் சோர்ந்து உட்கார்ந்திருந்தால் அவளுடைய பேத்தி எங்கே நின்றிருப்பாள்? பலனைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறவனைத்தான் கலி சுலபமாகச் சோர்வில் தள்ளுகிறது. கலிக்கு வாள் வேண்டாம், வரி வேண்டாம். “இதெல்லாம் நடக்காது” என்ற ஒரு பேச்சு போதும். ஊரே தானாகப் படுத்துவிடும்.

சரி, இன்று என்ன செய்யலாம்? அன்று அரசன் வைத்ததுதான் சட்டம். இன்று சட்டத்திலேயே மக்களுக்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தில் போய் நிற்க ஆள்தான் இல்லை.

ஊர்க்குளத்துக் கால்வாய் அடைபட்டுக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் காரியம், உகப்படிப்பு முடிந்து தாங்கல் முற்றத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து பேசுவது. பத்துப் பேரில் பெண்கள் பாதி இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாத கஷ்டம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். மற்றச் சாதியாரையும், மற்ற மதத்தாரையும் கூப்பிட வேண்டும். குளம் எல்லோருக்கும் பொது. முத்திரிக்கிணறு படித்துக் கொடுத்த பாடம் இதுதான்.

இரண்டாவது, எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்காமல் ஒன்றைக் கேட்பது. கால்வாயில் இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை அடைப்பு எடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் ரசீது வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005-இல் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் அந்த மனு என்ன ஆனது என்று கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் ஊராட்சியில் கிராம சபை கூடுகிறது. அங்கே ஐந்து பேர் போனால் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். ஐம்பது பேர் போய் அமைதியாக உட்கார்ந்து, தீர்மானத்தைப் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் எழுந்திருப்போம் என்றால், எழுதித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, எல்லாப் பாரத்தையும் ஒருவர் தலையில் வைக்கக் கூடாது. ஒருவரே பேசி, ஒருவரே அலைந்தால், அவரை மிரட்டினாலோ வாங்கிவிட்டாலோ காரியம் முடிந்துபோகும். அய்யா தனக்கு அடுத்து ஒருவரை மட்டும் வைக்கவில்லை, ஐந்து சீடர்களை நாலா பக்கமும் அனுப்பினார். மனு எழுதுகிறவர் ஒருவர், ஆபீசுக்குப் போகிறவர் ஒருவர், கணக்கு வைக்கிறவர் ஒருவர் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு ரூபாய் வசூலித்தாலும் தாங்கல் சுவரில் கணக்கு ஒட்ட வேண்டும். கணக்கில் சந்தேகம் வந்தால் வெளியிலிருந்து யாரும் நம்மை உடைக்க வேண்டியதில்லை.

நான்காவது, நிற்பவர்களைத் தாங்குவது. முன்னால் நிற்பவருக்கு ஒரு நாள் கூலி போகலாம், கேஸ் வரலாம். அவர் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று மற்றவர்கள் பார்க்க வேண்டும். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தால் போதும். அன்னதர்மம் என்று தினமும் செய்கிறோமே, இதுவும் அதுதான். களைத்தவரைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லி, வேறொருவர் அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஓய்வெடுப்பவரை ஓடிப்போனவர் என்று பேசக் கூடாது.

ஐந்தாவது, வாயையும் கையையும் காப்பது. இன்னொரு சாதியை, மதத்தை ஏசி ஒரு வார்த்தை வந்தாலும் குளம் மறந்து சண்டை மிஞ்சும். வாட்ஸ்அப்பில் வருவதை விசாரிக்காமல் அனுப்பக் கூடாது. இரவெல்லாம் போனில் உலகத்துக் கேடுகளையெல்லாம் பார்த்துவிட்டு, உலகமே கெட்டுப்போய்விட்டது என்று படுக்கிறவனுக்குக் காலையில் சோர்வுதான் வரும். போனை வைத்துவிட்டுத் தாங்கலுக்கு வந்து நாலு பேரோடு உட்கார்ந்தால், செய்யக்கூடிய ஒரு வேலையாவது கண்ணில் படும். சோர்வு தனியாக இருக்கிறவனிடம்தான் நீண்ட நாள் தங்கும்.

இவ்வளவு செய்தும் கால்வாய் இந்த ஆண்டு திறக்காமல் போகலாம். பாதி திறக்கலாம். பாதி திறந்தால் அந்தப் பாதிக்கு நன்றி சொல்லி, மீதிக்கு அடுத்த மனுவை எழுத வேண்டும். 1859-இல் நிபந்தனையோடு வந்த ஆணையை நம் முன்னோர் வேண்டாம் என்று தூக்கி எறியவுமில்லை, அதோடு போதும் என்று நின்றுவிடவுமில்லை.

பதியில் பள்ளியறை முன்னால் நின்று வணங்கும்போது கண்ணாடியில் தெரிவது யாருடைய முகம்? தலைப்பாகை கட்டி, நெற்றியில் திருநாமம் இட்ட தன் முகம்தான். அய்யா பார்த்துக்கொள்வார் என்று சொல்கிறவர், அய்யா எந்தக் கண்ணால் பார்ப்பார், எந்தக் காலால் கிராம சபைக்கு நடப்பார் என்று அந்தக் கண்ணாடி முன்னால் ஒரு தடவை யோசிக்கட்டும்.

எளியவர்களைக் காப்பதே தருமம் என்று அய்யா நமக்குச் சொல்லியிருக்கிறார். அந்தத் தருமத்துக்குப் பொறுமையும் வேண்டும், கூட்டமும் வேண்டும், தினமும் கொஞ்சம் வேலையும் வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்ததும் அவரவர் ஊர்த் தாங்கலில் பத்துப் பேர் உட்காருங்கள். ஊருக்கு எது முதலில் வேண்டும் என்று பேசி, ஒன்றே ஒன்றை எழுதுங்கள். மற்றதை அய்யா கூட இருந்து நடத்துவார்.

அய்யா துணை. அய்யா உண்டு.