பள்ளியும் இல்லமும்

அனேகாந்தம் என்பது நூலளவில் கற்று அமையும் தத்துவமன்று. ஒரு பொருளைப் பல நோக்கில் காணவேண்டும் எனப் போற்றும் நாம், ஒரு மாணவரின் இல்லத்தை எத்தனை நோக்கில் கண்டுள்ளோம்?

வந்தவாசிப் பகுதியில் நாம் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில், பத்தாம் வகுப்பிற்கு மாலைச் சிறப்பு வகுப்பு நடைபெற்றது. கதிரவன் மறையுமுன் உண்ணவேண்டிய நம் சமூகப் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் வந்து கேட்டனர். உடனே நேரத்தை மாற்றினோம். இரவுண்ணாமை நம் இல்லத்து ஒழுக்கமே ஆதலின், விளக்கம் தேவைப்படவில்லை.

அவ்வாண்டே மணிலா அறுவடையின்போது வேறொரு மாணவி பத்து நாள் வரவில்லை. "படிப்பில் அக்கறையற்ற குடும்பம்" என்று வகுப்பிலேயே கடிந்துரைத்தோம். பின்னரே அவள் இல்லம் சென்றோம். தாய் கூலிக்குக் கொல்லைக்குச் செல்ல, மூன்று வயதுத் தம்பியை அவள் காத்திருந்தாள். "யாரும் வந்து கேக்கலையே, டீச்சரம்மா" என்றார் அத்தாய். சிறுவனைப் பள்ளியருகே பால்வாடியில் சேர்த்தோம். மறுநாளே அவள் வகுப்பிற்கு வந்தாள். ஆயினும், சொல்லால் இழைத்த இம்சை நின்றது. ஆண்டுதோறும் எல்லா உயிர்களிடமும் பொறுத்தருள வேண்டும் நாம், அச்சிறுமியிடம் வகுப்பின்முன் மன்னிப்புக் கேட்கத் துணியவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராய் இருத்தல் வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். இருக்கை அளித்தல் மட்டும் போதாது. அவர்தம் சொல்லையும் கேட்டல் வேண்டும். நம் ஒழுக்கத்தைப் பிறர் மதித்தல் வேண்டும் என விழையும் நாம், பிறர் இல்லத்து நிலையைக் கேட்டறிந்த பின்னரே தீர்ப்புரைத்தல் அறமாகும்.