பயிர் மேயும் மானும் கொல்லாமையும்

பயிரைக் காக்க ஓர் உயிரைக் கொல்லலாமா என்பது கடலூர் மாவட்டத்தில் இன்றும் விடை தேடும் கேள்வி. வேப்பூர், விருத்தாசலம் பக்கத்துக் காப்புக்காடுகளை ஒட்டிய கொல்லைகளில் காட்டுப்பன்றியும் புள்ளிமானும் இரவில் இறங்குகின்றன. பன்றி மக்காச்சோளத்தைச் சாய்த்துப் போடும். மான் உளுந்து, மல்லாட்டைக் கொழுந்தை நுனிநுனியாகக் கிள்ளித் தின்னும். செடி நிற்கும், காய் குறையும்.

சட்டம் இதில் இரண்டு அனுமதிகளைத் தனித்தனியே வைத்திருக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, பயிர்க் காவலுக்காகக் குழல்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் பெறலாம். பழைய தென்னாற்காடு மாவட்ட உழவர் அதற்கான மனுவோடு கடலூர் மஞ்சக்குப்பத்து ஆட்சியர் அலுவலகத்துக்குத்தான் வர வேண்டியிருந்தது. ஆனால் அந்த உரிமம் மானைச் சுடும் உரிமை ஆகாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, நிற்கும் பயிருக்குக் கேடு செய்யும் விலங்கைக் கொல்ல வனத்துறையின் எழுத்துமூல ஆணை தனியாக வேண்டும்.

இந்த மண்ணின் சமயங்கள் சட்டத்துக்கு முன்பே இதைச் சிந்தித்திருக்கின்றன. திருப்பாதிரிப்புலியூர் ஒரு காலத்தில் பாடலி என்ற சமணக் கல்வி நிலையம், லோகவிபாகம் என்ற சமண நூல் கி.பி. 458இல் அங்கே எழுதி முடிக்கப்பட்டது. திருநாவுக்கரசர் தருமசேனர் என்ற பெயரில் சமணராக இருந்ததும் அங்கேதான். சமணம் இல்லறத்தாருக்கு இம்சையை நான்காகப் பிரித்தது: வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதை அறவே விலக்கியது; மற்றவற்றை இயன்றவரை குறைக்கச் சொன்னது. ஏர் ஓட்டும்போது மண்புழு சாவது தொழிலில் அடங்கும். மானைச் சுடுவதைத் தற்காப்பு என்று சொல்ல முடியுமா? மான் பகைத்து வருவதில்லை, பசித்து வருகிறது.

சைவக் கதைகளும் இதே தயக்கத்தைக் காட்டுகின்றன. தாருகாவனத்து முனிவர்கள் ஏவிய புலியை உரித்து உடுத்திய சிவன், மானைக் கொல்லாமல் கையில் ஏந்திக்கொண்டார். தில்லை நடனத்துக்கு முன்கதையாகக் கோயிற்புராணம் சொல்வது இந்த வனத்து நிகழ்ச்சியைத்தான். கந்தபுராண வள்ளி மான் வயிற்றில் பிறந்தவள். வளர்ந்து அவள் செய்த வேலையோ தினைப்புனக் காவல்: பரண் மேல் நின்று ஆலோலம் பாடிக் கவண்கல் வீசுவது. விரட்டுவதே காவல் என்பது அந்தக் கதையின் நிலை.

வடலூரில் 1867இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய இராமலிங்க அடிகள் கொலையையும் புலாலையும் முற்றாக மறுத்தவர். பசிதான் உயிர்களின் பெருந்துன்பம் என்றவரும் அவரே. அந்த நியாயத்தில் மானின் பசி சேரும். விளைச்சல் போன வீட்டின் பசியும் சேரும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவது சீவகாருணியம் ஆகாது.

கவனமின்றி உயிரைப் போக்குவதையே இம்சையின் இலக்கணமாகச் சமணரின் தத்துவார்த்த சூத்திரம் வைக்கிறது. அதன்படி மிகக் கொடியது துப்பாக்கி அன்று, திருட்டு மின்வேலி. சுடுகிறவர் எதைச் சுடுகிறோம் என்று பார்க்கிறார், பின்னால் பதிலும் சொல்கிறார். வரப்போரம் இழுத்துக் கட்டிய மின்கம்பி பன்றியென்றும் மானென்றும் அடுத்த கொல்லைக்கு நீர் பாய்ச்சப் போகும் ஆளென்றும் பார்ப்பதில்லை. கட்டியவர் அப்போது வீட்டில் தூங்குகிறார். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் மனிதர்களே இப்படிச் சாகிறார்கள்.

காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினரே சுடலாம் என 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, இடைப்பட்ட பகுதியில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். உழவர் கையில் துப்பாக்கியைக் கொடுக்காமல், கொல்லும் பொறுப்பை அரசே ஏற்றது சரியான முடிவு. மானுக்கு இந்த ஏற்பாடு இல்லை, இருக்கவும் வேண்டாம். வேலி, இரவுக் காவல், இழப்பீடு ஆகியவையே அதற்குரிய வழி. இவற்றில் வேலிச் செலவும் கண்விழிப்பும் காட்டோரத்து உழவர் தலையில் விழுகின்றன. இழப்பீட்டுக்கோ நில ஆவணம் கேட்பார்கள். பட்டா இல்லாத குத்தகை உழவர் அதை வாங்குவது கடினம். மானைக் காப்பது எல்லோருக்கும் பொதுவான அறம் என்றால், குத்தகைக்காரர் பெயரிலும் அந்தத் தொகை வந்து சேர வேண்டும்.