மேலே வர மூச்சு

ஆவணியில் எங்கள் கடியப்பட்டணம் கடல் தணுத்துக் கிடக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மேல்தண்ணீரைக் கரையை விட்டுத் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் எழும்பி வரும். மீனுக்கும் சிப்பிக்கும் தீனி கொண்டுவருவது அந்தத் தணுப்புதான். சிப்பி எடுக்க முங்குகிறவனுக்கு அது பகை. மூச்சு சீக்கிரம் முட்டிவிடும். இடுப்பில் வலைப்பையும் கையில் உளியுமாகப் பாறையிலிருந்து இறங்கும் மாமா, என்னை முதன்முதலில் கூட்டிப்போன அன்று ஒன்றுதான் சொன்னார்: “லேய் மக்களே, கீழ போறதுக்கு இல்ல, மேல வாறதுக்குத்தான் மூச்சு பிடிக்கணும்.”

அது மறுபடி நினைவுக்கு வந்தது மட்டக்களப்புக்கு வடக்கே, பனிச்சங்கேணிக் கடலில். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பல் அங்கே உடைந்து, சுமார் 24 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதே நாளில் மூழ்கிய ஹெர்மிஸ் போர்க்கப்பல் 50 மீட்டருக்கும் கீழே. அது என்னைப் போன்றவர்கள் இறங்கும் ஆழமல்ல. அதில் 307 பேர் மாண்டார்கள். அவர்களுடைய வீட்டாருக்கு இடமாவது தெரியும்.

சித்திக்கு அதுவும் தெரியாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது அவள் மகன் ஆழ்கடலில் இருந்தான். உடல் கரை சேரவில்லை. இன்றும் அவன் சட்டையைத் துவைத்து மடித்து வைக்கிறாள். ‘மறந்துவிடு’ என்று சொல்ல வருகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் எவ்வளவு நாள் தேடலாம், எவ்வளவு ஆழம் போகலாம் என்ற கேள்வி எனக்கும் உண்டு. மூழ்கிய ஒன்று கீழே எப்படிக் கிடக்கும் என்று பார்க்கத்தான் நான் ஸ்கூபா கற்றேன். இதைச் சித்தியிடம் சொன்னதில்லை.

இரும்புத் தகடுகள் மேல் பவளம் ஏறியிருந்தது. ஒரு களவா, உடைந்த சட்டத்தின் நிழலில் அசையாமல் நின்று என்னைப் பார்த்தது. அருகே கப்பலின் வயிற்றுக்குள் போகும் ஒரு பிளவு. உள்ளே இருட்டு. போக வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. 24 மீட்டரில் நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் மேலே இழுப்பதைப்போல மூன்று மடங்குக்கும் அதிகமான காற்றைத் தின்னும். 200 பாரில் தொடங்கிய மானி 90 காட்டியது. மெல்ல ஏற வேண்டும், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். அதற்கெல்லாம் காற்று வேண்டும். பிளவின் விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். அந்தக் கப்பலை விட்டுவிட்டேன் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு நாள் மறுபடி இறங்கலாம். சித்தியும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்: சட்டையை மடித்து வைத்துவிட்டு, மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போகிறாளே.

ஊர் திரும்பியதும் எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிட்டது. மீனைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பாராமல் கேட்டாள்:

“அடியில தணுப்பா இருந்துதா மக்களே?”

எந்தக் கடலைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

“இல்ல சித்தி. வெளிச்சமும் இருந்துது.”