படத்தில் தெரியாத நடுக்கம்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். பாம்பே நடுங்கும்படி அதைப் பிறப்பிக்கவும் மனிதனின் அழகுப் பித்து துணிந்திருக்கிறது.

மேற்கு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு சாதுவானது. அஞ்சினால் தலையை உள்ளே மறைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். 1992-இல் அமெரிக்காவில் இதன் வெளிறிய நிறக் குஞ்சுகள் முதன்முறையாக வளர்ப்பிடத்தில் பொரிந்தன. அதன்பின் புதுப்புது நிறங்களுக்குப் பெரும் விலை கிடைத்தது. 1999-இல் தொடங்கிய 'ஸ்பைடர்' வகை, சிலந்தி வலை போன்ற மெல்லிய கோடுகளால் பலரை மயக்கியது. ஆனால் அதனால் தலையை நிலையாக வைத்துக்கொள்ள முடிவதில்லை. தலை ஆடும், திருகும். இரையை நோக்கிப் பாய்ந்தால் குறி தவறும். உட்செவியின் அமைப்பே கோணலாகியிருப்பதை 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. கோலமும் நடுக்கமும் பிரியாமல் சேர்ந்தே வருகின்றன. அசையாத புகைப்படத்திலோ கோலம் மட்டுமே தெரிகிறது. வாங்குபவர் பார்ப்பதும் அதைத்தான்.

'நன்றாக உண்கிறது, குட்டி போடுவதுபோல் முட்டையிட்டுப் பெருகுகிறது, அதற்கென்ன துன்பம்?' என்று கேட்பவர்கள் உண்டு. பாம்புக்கு ஓலமிடக் குரலில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 'அது அந்த ஜீவனின் வினைப்பயன்' என்று ஒதுங்குவோரும் உண்டு. அந்த ஆணையும் பெண்ணையும் தேர்ந்து சேர்த்து வைத்த சங்கல்பம் யாருடையது? அடிக்காமல் இருப்பதோடு அஹிம்சை முடிந்துவிடுமா?

பெனின் நாட்டின் உவீடா நகரில் இதே பாம்புக்குக் கோயில் இருக்கிறது. வழிதவறி வீட்டுக்குள் வந்த பாம்பை மக்கள் பத்திரமாகக் கோயிலில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அதன் நிறம் இயற்கை தந்த பழுப்பும் கறுப்பும்தான்.