தீர்ப்பு சொல்லும் தாய்மார்களே!

வீட்டில் பிள்ளைகளுக்குள் சண்டை. ‘அம்மா, நீயே சொல்லு!’ என்று இருவரும் உங்கள் முன்னால் வந்து நிற்கிறார்கள். பெரியவன் பொறுப்பானவன், சின்னவன் வாலு என்று உங்கள் மனதில் ஏற்கெனவே ஓர் எண்ணம் இருக்கிறது. அப்படியிருக்க, நடுநிலையோடு தீர்ப்பு சொல்ல முடியுமா?

விடை தேடி, விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூருக்குப் போவோம், வாருங்கள். சுந்தரரின் வழக்கு விசாரிக்கப்பட்ட திருத்தலம் அது.

புத்தூரில் மணக்கோலத்தில் இருந்த சுந்தரரைத் தடுத்தார் ஒரு முதியவர். ‘இவன் என் அடிமை. இவனுடைய பாட்டன் எழுதித் தந்த ஓலை இதோ!’ என்றார். கோபத்தில் அதைப் பிடுங்கிக் கிழித்தெறிந்தார் சுந்தரர். முதியவரின் ஊரான திருவெண்ணெய்நல்லூர் சபைக்கு வழக்கு வந்தது.

‘அந்தணர் அடிமையாவது எங்கும் இல்லாத வழக்கமாயிற்றே!’ என்றுதான் சபையோரும் முதலில் நினைத்தார்கள். ஆனால், அந்த நினைப்பையே தீர்ப்பாக்கிவிடவில்லை. வழக்கம், ஆவணம், சாட்சி... மூன்றில் ஒன்றைக் காட்டும்படி கேட்டார்கள். ‘கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் உள்ளது’ என்றார் முதியவர். பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டையும் ஒப்பிட்டார்கள். எழுத்து பொருந்தியது. தங்கள் மனம் எதிர்பார்த்ததற்கு மாறாகவே தீர்ப்பு சொன்னார்கள். ‘அதுவே முறை என்றால் நான் மறுப்பது எப்படி?’ என்று சுந்தரரும் ஏற்றுக்கொண்டார்.

அத்துடன் விடவில்லை. வென்ற முதியவரிடமும், ‘இவ்வூரில் உமது வீடு எங்கே?’ என்று கேட்டது சபை. அவர் அருட்டுறை கோயிலுக்குள் நுழைந்து மறைந்தார். வந்தவர் ஈசன் என்பது அப்போதுதான் புரிந்தது!

பார்த்தீர்களா? நடுநிலை என்பது மனதில் எந்த எண்ணமும் இல்லாதிருப்பது அல்ல. அந்த எண்ணத்தைவிட, கண்ணெதிரே உள்ள சான்றுக்கு மதிப்பளிப்பது.

நமது நாட்டின் 1996-ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டமும் இதே கவனத்தைக் கேட்கிறது. நடுவராக அழைக்கப்படுபவர், வழக்காடுவோருடன் தமக்கு ஏதேனும் உறவோ, ஆதாயமோ இருந்தால், அதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

தாய்க்கு இரு பிள்ளைகளும் உறவு. விலகி நிற்க முடியாது. ஆனால், ஒன்று செய்யலாம். ‘இவன்தான் செய்திருப்பான்’ என்று தோன்றுகிறதே, அவனை முதலில் பேச விடுங்கள். நல்லவன் என்று நினைப்பவனிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். தோற்ற பிள்ளையும், ‘அம்மா நான் சொன்னதையும் கேட்டாங்க’ என்று எழுந்து போனால், அன்று உங்கள் வீட்டுக் கூடமும் திருவெண்ணெய்நல்லூர் சபைதான்!